ஆல்பத்தில் ஏறாத பாட்டுகள்

ஒரு ராக் குழு பத்து ஆல்பம் போட்டிருந்தால் பத்தையும் வாங்கி அலமாரியில் அடுக்கிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். சிங்கிள் தட்டின் மறுபக்கத்தில் மட்டும் வந்த பாட்டு, வானொலிக்காக ஒரே ஒருமுறை வாசித்த பாட்டு, நிதி திரட்டும் தொகுப்புக்குக் கொடுத்துவிட்டு மறந்த பாட்டு, அடுத்தவர் பாட்டைத் தங்கள் பாணியில் பாடிப் பார்த்த கவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓரங்கட்டப்பட்டது என்று ஒரு பெருங்கூட்டம் ஆல்பங்களுக்கு வெளியே நிற்கும். அதைத் தொகுக்க வேண்டுமா, எந்த வரிசையில், கவர் பாடல்களுக்கு இடம் உண்டா, உரிமை யாருடையது? மேலைநாட்டு ரசிகர்கள் அரை நூற்றாண்டாகச் சண்டை போடும் இந்தக் கேள்விகளைச் சென்னைக்கும் சேர்வராயன் மலைக்கும் கொண்டுவந்தால் விடைகள் தலைகீழாகின்றன. இங்கே பழைய குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆல்பமே கிடையாது. வெளியே நிற்கும் கூட்டம்தான் மொத்த ஊரும்.

வெளிநாட்டு முன்மாதிரிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். தி ஹூ குழு 1974இல் வெளியிட்ட ‘ஆட்ஸ் அண்ட் சாட்ஸ்’ தொகுப்பை அதன் பேஸ் கிதார் கலைஞர் ஜான் என்ட்விசில் ஒலிநாடாக் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்தார். திருட்டுத் தட்டு விற்பவர்களை முந்திக்கொள்வதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. நிர்வாணாவின் ‘இன்செஸ்டிசைடு’ (1992) பிறர் பாடல்களையும் சொந்த மிச்சங்களையும் கலந்து வந்தது. மெட்டாலிகா ‘கராஜ் இங்க்’ (1998) என்று இரண்டு தட்டு நிறையக் கவர் பாடல்களையே போட்டது. அதில் இரண்டாவது தட்டு, அதுவரை அங்கங்கே சிதறிக் கிடந்த பழைய கவர்களின் தொகுப்பு. மூன்றுமே பெயர்பெற்ற குழுக்களின் மிச்சம் மீதி. முக்கியமான ஆல்பங்கள் ஏற்கெனவே இருந்ததால்தான் மிச்சத்துக்கும் விலை கிடைத்தது.

பீட்டில்ஸின் ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ (1988) பக்கம் மட்டும் கொஞ்சம் நிற்கலாம். அவர்களுடைய பிரிட்டிஷ் ஆல்பங்கள் குறுந்தட்டாக மாறியபோது, எதிலும் சேராத 33 பதிவுகளை இரண்டு பாகங்களாகத் திரட்டினார்கள். ‘லாங் டால் சாலி’, ‘ஸ்லோ டவுன்’, ‘மேட்ச்பாக்ஸ்’, ‘பேட் பாய்’ ஆகிய நான்கும் அடுத்தவர் பாட்டுகள். அதே தொகுப்பில் உள்ள ‘தி இன்னர் லைட்’டின் பின்னணி இசை பதிவானது பம்பாயில். 1968 ஜனவரியில், ‘வொண்டர்வால்’ படத்தின் இசைக்காக வந்திருந்த ஜார்ஜ் ஹாரிசன், எச்.எம்.வி. ஸ்டூடியோவில் இந்தியக் கலைஞர்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். அவர்களில் சரோத் வாசித்த ஆஷிஷ் கானும் புல்லாங்குழல் வாசித்த ஹரிபிரசாத் சௌராசியாவும் உண்டு. லண்டனில் குரல் சேர்த்து, அவ்வாண்டு மார்ச்சில் ‘லேடி மடோனா’ தட்டின் மறுபக்கத்தில் வெளியிட்டார்கள். பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் ஹாரிசன் பாட்டு இடம்பிடித்தது அதுதான் முதல் தடவை. இந்திய மண்ணில் பதிவான அவர்களுடைய இசை அவர்களுடைய ஸ்டூடியோ ஆல்பம் எதிலும் சேராமல் பல ஆண்டுகள் மறுபக்கப் பாட்டாகவே அலைந்தது என்பதை நினைத்தால், தொகுப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

இனி நம் பக்கம். 1960களில் மெட்ராஸில் எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கியவர்களுக்குக் குருகுலம் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பும், கப்பலிலும் உறவினர் பெட்டியிலும் வந்த இசைத்தட்டும்தான். ஷேடோஸ் குழுவின் வாசிப்பைப் பின்பற்றிய மஸ்டாங்ஸ் போன்ற குழுக்கள் கல்லூரி விழாக்களிலும் ஓட்டல்களிலும் வாசித்தன. மெட்ராஸில் பிறந்த ரமேஷ் ஷோட்டம், ஹியூமன் பாண்டேஜ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பின்னாளில் தவில் கற்று ஜெர்மனியில் கொலோன் நகரில் குடியேறினார். கல்கத்தாவிலிருந்து டெஸ்மண்ட் டாய்க் நடத்திய ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ (1967–77) இதழ் இந்தத் தலைமுறையைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. சித்தார்த் பாட்டியா 2014இல் ‘இந்தியா சைகடெலிக்’ என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். எழுத்தில் இவ்வளவு இருக்கிறது. கேட்பதற்குத்தான் குறைவு.

இசைத்தட்டுக் கம்பெனிகளின் கணக்கு எளிமையானது. ஆங்கிலப் பாட்டு கேட்பவன் அசல் தட்டை வாங்குவான், உள்ளூர்ப் பையன் பாடியதை எதற்கு வாங்கப்போகிறான்? அதனால் ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 45 சுழற்சியில் ஓடும் ஒரு சிறு தட்டு கிடைக்கும். அதோடு கதை முடிந்தது. விதிவிலக்காக வந்தவை சிம்லா பீட் தட்டுகள். சிம்லா சிகரெட்டின் விளம்பரத்துக்காக நாடு தழுவிய பீட் இசைப் போட்டி நடத்தி, அதில் வாசித்த குழுக்களை 1970இலும் 71இலும் ஆளுக்கு ஓரிரு பாட்டு என்று எல்.பி.யில் பதிந்தார்கள். ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், பெங்களூரின் டைனோசர்ஸ், மெட்ராஸின் கன்ஃபியூஷன்ஸ் எல்லாம் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் கேட்கின்றன. டைனோசர்ஸ் வாசித்த ‘சினிஸ்டர் பர்ப்பஸ்’, அமெரிக்காவின் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு 1969இல் போட்ட பாட்டு. கன்ஃபியூஷன்ஸ் கொடுத்ததோ ‘வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்’. மெட்ராஸ் ராக்கின் ஆதிப் பதிவுகளில் ஒன்று சிகரெட் கம்பெனி தயவில் நமக்கு மிஞ்சியிருக்கிறது. புகையிலைக்கு நன்றி சொல்ல நேரும் அபூர்வமான இடம் இது.

பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் கதை இன்னும் விசித்திரம். 1977இல் பதிவான ‘அப்செஷன்’ தட்டு கடைக்கு வந்தது 1981இல். பிறகு முப்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் நவ்-அகெய்ன் நிறுவனம் கூடுதல் பதிவுகளோடு அதை மறுபடி வெளியிட்டது. நம் ஊர்ப் பரணில் கிடப்பதை வெளிநாட்டுக்காரர் வந்து எடுத்துப்போகும் பழைய வழக்கம் ராக்கிலும் மாறவில்லை.

இங்கே கவர் பாடல்களின் வழக்கு வருகிறது. ‘அடுத்தவன் பாட்டைப் பாடினவனுக்குத் தொகுப்பு ஒரு கேடா’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மும்பையில் வளர்ந்த தமிழ்ப் பெண் உஷா, 1960களின் இறுதியில் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில் பட்டுப்புடவையில் வந்து ஆங்கிலப் பாட்டுப் பாடினார். பிற்பாடு உஷா உதுப் என்று நாடறிந்தவரின் தொடக்கப் பதிவுகள் இரண்டு கவர்கள்: ஹாங்க் வில்லியம்ஸின் ‘ஜம்பலாயா’, கிங்ஸ்டன் ட்ரையோ பிரபலமாக்கிய ‘கிரீன்பேக் டாலர்’. இந்த இரண்டையும் ‘சொந்தச் சரக்கு இல்லை’ என்று தள்ளிவிட்டு அவருடைய இசை வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது? அசலையும் நகலையும் அடுத்தடுத்துக் கேட்டால், அந்தப் பாட்டு மவுண்ட் ரோட்டுக்கு வந்து என்னவானது என்பது காதுக்குத் தெரியும். தொகுப்பாளருக்கு வேண்டியது அந்த வேறுபாடுதான்.

தமிழ்நாட்டுக்குக் கவர் என்பது இறக்குமதிச் சரக்கும் அல்ல. மெல்லிசைக் குழு என்பதே கவர் குழுதானே? காமேஷ்–ராஜாமணி, ஏ.வி. ரமணனின் மியூசியானோ என்று கச்சேரி மேடைகளை ஆண்டவர்கள் சினிமாப் பாட்டை அச்சு அசலாகக் கொடுத்தே பேர் வாங்கினார்கள். பாவலர் வரதராஜன் அதற்கும் ஒருபடி மேலே போனார். ஊருக்குத் தெரிந்த சினிமா மெட்டில் பொதுவுடைமைக் கட்சியின் பிரசாரத்தை ஏற்றிப் பாடினார். கூடவே தம்பி ராசையா ஆர்மோனியம் வாசித்தார். பின்னாளில் இளையராஜா ஆன அந்தத் தம்பியின் மேடைப் பயிற்சி அந்தக் கவர் கச்சேரிகளில் தொடங்கியது. சேர்வராயன் மலையின் ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா மேடையில் இன்றும் கூட்டம் கைதட்டுவது தெரிந்த பாட்டுக்குத்தான். மலர்க் கண்காட்சி பார்க்க வந்தவர்கள் முன் புதுப் பாட்டைப் பாடிப் பாருங்கள், கூட்டம் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு நகர்ந்துவிடும்.

திரையிசையிலும் உதிரிகளுக்குப் பஞ்சமில்லை. ‘தளபதி’ (1991) கேசட்டில் இருக்கும் ‘புத்தம் புது பூ பூத்ததோ’ படத்தில் கிடையாது. வெளிவராத ‘மணிப்பூர் மாமியார்’ படத்தின் பாட்டுகள் படமே இல்லாமல் வாழ்கின்றன. ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் சிவமணி, ஜான் ஆண்டனி ஆகியோருடன் ‘ரூட்ஸ்’ குழுவில் இருந்தார். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவிலும் இருந்தார். மால்குடி சுபா பாட, அவர் இசையமைத்த ‘செட் மீ ஃப்ரீ’ என்ற ஆங்கில ஆல்பம் முதலில் வந்தபோது சீந்துவாரில்லை. ‘ரோஜா’வுக்குப் பிறகு அதே ஆல்பம் மறுபடி கடைக்கு வந்தது. ரசிகர்கள் ரஹ்மான் பட்டியலை 1992இல் தொடங்குவது சோம்பலால்தான். அதற்கு முந்தைய அந்தக் குழுக்களின் கச்சேரிப் பதிவு எவரிடமாவது இருந்தால், ராக் தொகுப்பு ஒன்றின் முதல் பாட்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழர் வாழும் பிற இடங்களிலும் இதே கதை. இலங்கையில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ வானொலியிலும் மேடையிலும் வாய்மொழியிலும் பரவிய பொப் பாட்டு. அது எந்த ஆல்பத்தில் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டி, இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ (1977) படத்துக்குள் வந்து சேர்ந்தது. சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பைலாவை எத்தனை பேர் எத்தனை விதமாகப் பாடியிருக்கிறார்கள் என்று திரட்டினாலே தனித் தொகுப்பாகும். பினாங்கில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் தொடங்கிய ஆலிகேட்ஸ் குழு கிளப்புகளில் ஆங்கிலக் கவர் வாசித்துப் பழகி, மலாய்ப் பாட்டில் கொடி நாட்டியது. அவர்களுடைய மலாய் ஆல்பங்கள் கிடைக்கும். கிளப் காலத்தை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால்தான் உண்டு.

சேர்வராயன் மலைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மலை உறைவிடப் பள்ளிகள்தான் தென்னிந்தியாவில் மேற்கத்திய இசைக்கு நாற்றங்கால். ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி, அதற்கும் முந்தைய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் போன்ற இடங்களில் தேவாலயக் குழுப்பாட்டும் பியானோவும் பேண்டு வாத்தியமும் படிப்போடு ஒட்டி வந்தவை. நடிகர் விக்ரம் படித்தது மான்ட்ஃபோர்ட்டில். ‘கந்தசாமி’யில் (2009) வரிசையாகப் பாடிய அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. இத்தகைய பள்ளிகளில் ஆண்டு விழா, விடைபெறு விழா, பழைய மாணவர் கூடுகை என்று மேடை ஏறிய ஒவ்வொரு பையன் குழுவும் யாருடைய கேசட் ரெக்கார்டரிலாவது சிக்கியிருக்கும். அந்தக் கேசட்டுகள் காபி எஸ்டேட் பங்களாப் பரணிலும் சேலத்து வீட்டு இரும்புப் பெட்டியிலும் இருக்கக்கூடியவை.

ஆனால் ஒலிநாடாவுக்கு மலை எதிரி. சுமார் 1,500 மீட்டர் உயரம், இரு பருவமழை, சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும் வீடுகள். நாடாவுக்கு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஏற்காட்டில் நவம்பரில் அது நடக்காத காரியம். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் சாம்பல் பூத்ததுபோல் வெண்ணிறப் பூஞ்சை தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டு ஓட்டினால் பூஞ்சைத் தூள் ஹெட்டில் அப்பி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். முதலில் உலரவைத்து, துடைத்து, வேறு கேசட் கூட்டுக்கு மாற்றி, ஒரே ஒருமுறை ஓட்டி, அந்த ஓட்டத்திலேயே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் கணினிக்கு ஏற்றிவிட வேண்டும். இரண்டாவது ஓட்டத்துக்கு நாடா தாங்குமா என்பது சந்தேகம்.

அடுத்தது வேகம். பழைய டெக்குகள் கூடக்குறைய ஓடும். பாட்டின் சுருதியும் அதோடு ஏறி இறங்கும். இதற்கு ஒலிப்பதிவுக்காரர்கள் செய்யும் ஒரு கைவேலை எனக்கு மிகப் பிடிக்கும். மேடைப் பதிவுகளில் ஆம்ப்ளிஃபயரின் மின் இரைச்சல் ‘ஊம்’ என்று அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கணினியில் அலையைப் பிரித்துப் பார்க்கையில் அந்த ஊம் 53இல் நின்றால் நாடா ஆறு விழுக்காடு வேகமாக ஓடுகிறது. பாட்டு அரைக்கட்டை ஏறி, ஈயில் வாசித்தது எஃப்பில் கேட்கிறது. இரைச்சலை 50க்கு இறக்கினால் பாடகரின் குரல் அவருடைய வயதுக்குத் திரும்பும். இதிலும் ஒரு தமிழ்நாட்டுச் சங்கடம் உண்டு. 2000களின் தொடக்கம் வரை தெற்கு மின்தொகுப்பே மாலை நேரத்தில் 50க்குக் கீழே சரிவது வாடிக்கை. ஆகவே அந்த ‘ஊம்’ ஒலியை மட்டும் நம்பாமல், எலெக்ட்ரானிக் கீபோர்டு ஏதும் வாசிக்கப்பட்டிருந்தால் அதன் சுருதியையும் ஒப்பிட வேண்டும். பிறகுதான் இரைச்சலை நீக்கும் வேலை. முதலிலேயே ‘சுத்தம்’ செய்துவிட்டால் சாட்சியைக் கொன்றாகிவிட்டது.

ஒரு பாட்டு எங்கே, எப்போது, எந்த மேடையில் பதிவானது என்ற குறிப்பு பாட்டுக்குச் சமமான செல்வம். இதற்கு ஏற்காட்டிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் இது. 1912இல் காலமான அவருடைய நினைவிடம் இங்குள்ள ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் இருக்கிறது. தென்னிந்தியா முழுக்கப் பொறுக்கிய கற்களையும் பானை ஓடுகளையும் 1904இல் மெட்ராஸ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். ஒவ்வொன்றுக்கும் எண், கிடைத்த இடம், விவரம் எழுதி அவர் தயாரித்த பட்டியல் அவர் மறைவுக்குப் பின் அச்சேறியது. இடம் தெரியாத கல் வெறும் கல். ‘சென்னைக் குழு, 70கள், நல்ல பாட்டு’ என்ற பெயரோடு கைக்குக் கை போகும் ஒலிக்கோப்பும் அதே ரகம்தான்.

தட்டாக வந்தவற்றுக்கு இந்தச் சிரமம் குறைவு. லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டால், முன்பின் வந்த தட்டுகளோடு ஒப்பிட்டு வரிசையைக் கணிக்கலாம். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்போர் சங்கம் இந்த வித்தையை நன்கு அறிந்தது. சென்னையின் ரோஜா முத்தையா நூலகமும் பழைய இசைத்தட்டுகளைக் காத்துவருகிறது. வீட்டில் பதிந்த கேசட்டுக்கு எண் கிடையாது. கேசட் அட்டையின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கிய பாட்டு வரிசைதான் கல்வெட்டு.

உரிமைச் சட்டத்தைத் தவிர்க்க முடியாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான காப்பு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1965இல் வெளியான தட்டு இப்போது பொதுச் சொத்து. 1970இன் சிம்லா பீட் 2030 முடியும்வரை காப்பில் இருக்கும். இது பதிவுக்கு மட்டும். பாட்டை எழுதி இசையமைத்தவரின் உரிமை தனி. அது அவருடைய ஆயுளோடு மேலும் 60 ஆண்டு. ஆகவே கவர் பாடலைத் தொகுப்பவர் இரண்டு கதவைத் தட்ட வேண்டும். 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு, முதல் பதிவு செய்த ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு கழிந்தபின் புதிதாகக் கவர் பதிவு செய்ய வழி தருகிறது. அட்டையில் ‘கவர்’ என்று போட்டாக வேண்டும். ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான உரிமத்தொகை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது அடிப்படை விதி. புழக்கம் குறைந்த மொழிகளுக்கு இந்த அளவைக் குறைக்க இடம் உண்டு. முந்நூறு பேர் கேட்கப்போகும் ராக் தொகுப்புக்கும் அத்தகைய சலுகை வேண்டும் என்பது என் கட்சி.

இன்றைய குழுக்களுக்கு வேறு வியாதி. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது ஆயிரக்கணக்கான கைபேசிகள் பதிவு செய்தன. கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்த குரங்கன் போன்ற குழுக்களின் மேடைப் பாட்டுகள் அரைகுறை வீடியோக்களாகச் சிதறிக் கிடக்கின்றன. யாருக்கும் நாடா இல்லை, தட்டு இல்லை. கணக்கை மூடினால், கடவுச்சொல் மறந்தால், போன் தொலைந்தால் போயிற்று. பூஞ்சை பிடித்த கேசட் நாற்பது வருஷம் தாங்கியிருக்கிறது. இவை பத்து வருஷம் தாங்குமா என்று தெரியவில்லை.

தொகுப்பு எப்படி இருக்க வேண்டும்? கால வரிசையில், குழுவாரியாக இல்லாமல் ஊர்வாரியாக, கவரும் சொந்தமும் கலந்தே இருக்க வேண்டும். மோசமாக வாசித்தவையும் வேண்டும். லென்னி கே 1972இல் ‘நக்கெட்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவின் ஒரே-பாட்டுக் குழுக்களைத் திரட்டியபோது காட்டிய வழி அதுதான். தனித்தனியே பார்த்தால் சில்லறையாக இருந்தவை சேர்ந்து நின்றபோது ஒரு காலத்தின் குரலாயின. ‘சிறந்த இருபது’ என்று பொறுக்கினால் மறுபடியும் நான்கு பெயர்கள் மட்டுமே மிஞ்சும்.

ஏற்காட்டிலோ சேலத்திலோ வேறெங்கோ உங்கள் வீட்டில் அப்படியொரு கேசட் இருந்தால், ஓட்டிப் பார்க்காதீர்கள். அட்டையில் உள்ளதைப் போட்டோ எடுங்கள். யார் பாடியது, எந்த விழா, எந்த ஆண்டு என்பதைத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். டிஜிட்டலாக மாற்றும்போது பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் அறிவிப்பையும் கைதட்டலையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பிரதியை ஏதாவது ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். இதையெல்லாம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செய்துவிடுங்கள்.